இறக்கை மேல் குடத்தோடு வைத்திலிங்கம்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
10.2.2012, தை கடைசி வெள்ளி

சிதம்பரம் உரக்கடை முதலாளியும், என் மனைவி ரத்தினம்மாளின் கூடப்பிறந்த ஒரே அண்ணனும், என் மகள் இளமதிக்குத் தாய்மாமனும் ஆகிய மரியாதைக்குரிய மச்சான் வைத்திலிங்கம் அவர்களுக்கு, கடலூர் கொளஞ்சியப்பன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் யாவரும் நலம். அங்கு தாங்கள் உயிரோடும் உடம்பு சுகத்தோடும் இருக்கிறீர்கள் என்பதை நான் மட்டுமல்லாமல் ஊர் உலகமே அறிந்துகொள்ள வேண்டும் என்று தினமும் பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

மச்சான், போன வாரம் இளமதி கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு நானும் உங்கள் தங்கையும் சிதம்பரம் வந்து உங்கள் கடை வாசலில் நின்றபோது, நீங்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயிருந்து, "நான்தான் செத்துட்டேனே மாப்ள. செத்தவன் எப்படி மாலை எடுத்துக் குடுப்பான்? போயி உசுரோட இருக்கற தாய்மாமனா பாத்துப் பத்திரிகை வைங்க" என்று சொன்னீர்கள். அதற்கு நான் வெளியே நின்று பதில் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் யூரியா வாங்க ஆட்கள் வந்து ஷட்டரைத் தட்டியதால் என் பதில் பாதியில் நின்றுபோனது. யூரியாவுக்குத் திறந்த ஷட்டர் எனக்குத் திறக்கவில்லை, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது முழுசாக எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்கவும்.

கல்யாணம் வருகிற மாசியில். நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தாய்மாமன் கையால் மாலை எடுத்துக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வர வேண்டும். இளமதியோ, "மாமா வரலன்னா நான் ரூமை விட்டே வெளிய வர மாட்டேன், மாப்பிள்ளை தாலிய சன்னல் வழியா கட்டுவாரா?" என்று கேட்கிறாள். இதற்கு நடுவில் கம்மாபுரத்துச் சம்பந்தி போன் பண்ணி, "பொண்ணோட தாய்மாமன் தவறிட்டாராமே, தீட்டு எப்ப கழியுது? கல்யாணத்தத் தள்ளி வச்சுக்கலாமா?" என்று விசாரிக்கிறார். தவறவில்லை, கோபமாக இருக்கிறார் என்றேன். "செத்தவருக்கு என்னாங்க கோவம்?" என்கிறார். நீங்களே நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி வந்து நின்றால் ஒழிய இந்தக் கல்யாணம் நடக்காது மச்சான். ஆகவே நடந்ததை ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன், படித்துவிட்டு இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை பூராவும் அண்ணாந்து பார்ப்பதுதான். கம்பத்தைப் பார், கம்பியைப் பார், கம்பி மேல் உட்கார்ந்திருக்கிற காக்காயைப் பார். ரிட்டையர் ஆன பிறகும் கழுத்து கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காலையில் வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் சாணியைத் தாண்டிப் போகிறார்கள், நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போய் மிதித்துவிட்டு வருகிறேன். அப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உயரத்தில் ஒரு ஏரோப்ளேன் போயிற்று. உடனே உங்கள் தாயார், காலஞ்சென்ற தைலம்மாள் அத்தை, இளமதியின் காதுகுத்துப் பந்தலில் என்னிடம் சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது. அத்தை அன்றைக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்க மாமனாரு லேசுப்பட்டவரு இல்ல மாப்ள. விமானத்துல ஏறுனவரு. தோள்ல குடத்தோட ஏறி நின்னாராம். ஜனம் முச்சூடும் அண்ணாந்து பாத்துச்சாம். மேலேருந்து தண்ணி தெளிச்சாங்களாம், அது ஒரு சொட்டு நம்ம மேல பட்டாவே புண்ணியமாம். அந்நேரம் பாத்துக் கருடன் வந்து மூணு சுத்து சுத்திட்டுப் போச்சாம்."

இதைக் கேட்டால் எந்த மனுஷனுக்குத்தான் ரத்தம் சூடாகாது? நம் குடும்பத்தில் ஒருவர், அதாவது உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தா, வெள்ளைக்காரன் காலத்திலேயே விமானத்தில் ஏறி நின்றிருக்கிறார்! நான் உட்கார்ந்து யோசித்தேன். குடம் என்பது பெட்ரோல் ஊற்றுவதற்கு, அந்தக் காலத்தில் கேன் ஏது? தண்ணீர் தெளித்தது இன்ஜின் சூட்டைத் தணிக்க. பெட்ரோலாக இருந்தால் மேலே பட்டால் புண்ணியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே அது தண்ணீர்தான் என்பதை விஞ்ஞான ரீதியாக முடிவு செய்தேன். கருடன் என்பது துணைக்கு வந்த இன்னொரு விமானத்தின் பெயராக இருக்க வேண்டும். ரத்தினம் அடுப்படியிலிருந்து வந்து, "ஏங்க, அது வந்து..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஆராய்ச்சியில் குறுக்கே பேசாதே என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னும் இரண்டு மூன்று தரம் வந்தாள், நானும் இரண்டு மூன்று தரம் சொன்னேன்.

பக்கத்து வீட்டு சார்லஸ் சாரை உங்களுக்குத் தெரியும், கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய தாத்தாவும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மேலே ஏதோ பறந்ததைப் பார்த்தாராம். "அது பட்டமாவும் இருக்கலாம் சார்" என்று அவர் நேர்மையாகச் சொன்னார். பட்டமும் பறக்கிற சாமான்தானே என்று அவரைச் செயலாளராகப் போட்டு, என்னைத் தலைவராகப் போட்டு, 'கடலூர் வட்டார ஆதிகால விமான ஆராய்ச்சிக் கழகம்' ஆரம்பித்தோம். நூற்றாண்டு விழா ஜனவரி ஒன்றாம் தேதி என்று முடிவாயிற்று. விமானம் இறங்கியது நூறு வருஷத்துக்கு முன்னாலா என்று சார்லஸ் சார் கேட்டார். நமக்கு மண்டபம் காலியாகக் கிடைத்தது அன்றைக்குத்தான் என்றேன். அவருக்கு இன்னொரு சந்தேகம், "ஒரு போட்டோகூட இல்லியே சார், யாரு நம்புவாங்க?" ஆதாரம் இருக்கிற விஷயத்துக்கு எதுக்கு சார் போட்டோ, ஆதாரம் இல்லாததுக்குத்தான் போட்டோ அவசியம் என்று சொல்லி, அவரை எழிலன் கடைக்கு அழைத்துப் போனேன்.

எழிலன் நம் ஸ்டேஷன் ரோட்டில் டிஜிட்டல் ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி. கம்ப்யூட்டரில் அவனுக்கு ஈடு கிடையாது. ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளாமலே செத்துப்போன புருஷன் பெண்டாட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஜாயிண்ட் போட்டோ போட்டுத் தருவான். செத்த பிறகு எடுத்த படமாக இருந்தால் கண்ணைத் திறந்துவிடுவான், கொஞ்சம் கூடக் கொடுத்தால் சிரிக்கவும் வைப்பான். அவனிடம் விஷயத்தைச் சொன்னதும், "சூப்பர் அங்கிள், பின்னாடி சுவிட்சர்லாந்து மலை வச்சுடலாமா?" என்றான். தேவனாம்பட்டினம் கடற்கரைதான் வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். நெட்டிலிருந்து விமானம் இறக்கினான். முதலில் இறக்கியது சண்டை விமானம். "பழசு எல்லாம் மங்கலா வருது அங்கிள், இது கிளியரா இருக்கு" என்றான். அதற்கு ஒரு நாள் சண்டை போட்டு, இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழைய விமானத்துக்கு மாற்றினேன். சுற்றிலும் நின்று வேடிக்கை பார்க்கிற ஜனம் வேண்டுமல்லவா? அவன் கையில் இருந்தது ஏதோ ஒரு தேர்தல் பொதுக்கூட்டத்தில் எடுத்த படம். கொடிகளை எல்லாம் அழித்துவிட்டான், செல்போனில் பேசிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டான். காது வலியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள் அங்கிள் என்று சமாதானம் சொன்னான். முன்வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு மாட்டுகிற கோட்டையும் புள்ளி போட்ட டையையும் மாட்டிவிட்டான். அவன் கடையில் கோட்டு ஒன்றுதான், டையும் ஒன்றுதான். அதனால் அத்தனை பேரும் ஒரே கோட்டில் நின்றார்கள், சார்லஸ் சாரின் தாத்தா உட்பட. கல்யாண ஆல்பம் போடுகிற கை பழக்கத்தில் எல்லோரையும் வேறு சிவப்பாக்கிவிட்டான். வெள்ளைக்காரன் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சார்லஸ் சார் மட்டும் படத்தை உற்றுப் பார்த்து, "விமானத்தோட நிழல் கிழக்கால விழுது, ஜனத்தோட நிழல் மேற்கால விழுது. அன்னிக்கு ரெண்டு சூரியன் உதிச்சுதா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாரை வைத்துக்கொண்டு சரித்திரம் எழுத முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி முக்கியமான ஆள், தாத்தா. இறக்கை மேல் குடத்தோடு நிற்க வேண்டும். உடம்புக்கு நானே நிற்கிறேன் என்றேன். உங்கள் வீட்டிலிருந்து ரத்தினத்துக்குச் சீராக வந்த பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெற்று உடம்போடு கடற்கரைக்குப் போய், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் விளிம்பில் ஏறித் தோளில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். குடத்தில் கனம் இருந்தால்தான் முகத்தில் உண்மை தெரியும் என்று சார்லஸ் சார் தண்ணீர் வேறு நிரப்பிவிட்டார். அந்த வழியாக வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "யாருக்குங்க கரைக்க வந்திருக்கீங்க? ஐயரு இன்னும் வரலியா?" என்று அனுதாபமாகக் கேட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எழிலன் நல்ல படமாகப் பிடித்தான். ஆனால் குடத்தைப் பிடித்த கையில் என் சுண்டு விரல், அதுதான் சர்வீஸில் மழை நாளில் அவசரப்பட்டு ஃபியூஸ் போடப் போய் ஷாக் அடித்து வளைந்துபோனதே, அது தூக்கிக்கொண்டு தெரிந்தது. தாத்தாவுக்கும் ஷாக் அடித்திருக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

உடம்பு ஆயிற்று, தலை வேண்டும். தாத்தா படம் எங்காவது இருக்கும் என்று பீரோவைக் குடைந்தபோது ஒரு பிளாஸ்டிக் உறையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கிடைத்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உலகத்தின் மேல் நம்பிக்கையே இல்லாத ஒரு முகம். வலது கன்னத்தில் எட்டணா அகலத்துக்குக் கறுப்பாக ஒரு மச்சம். உறைமேல் 'வைத்திலிங்கம்' என்று எழுதியிருந்தது. தாத்தா பேர் வைத்திலிங்கம். தாத்தா பேரைத்தான் உங்களுக்கு வைத்தார்கள். மச்சான், தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால் நான் சும்மா விட மாட்டேன். எனக்கு எப்படித் தெரியும், அது ரத்தினத்துக்கு சிம் கார்டு வாங்க நீங்கள் கொடுத்த உங்கள் வாக்காளர் அட்டை ஜெராக்ஸ் என்று? எழிலனே பார்த்துவிட்டு, "இதுக்கு வேலையே இல்ல அங்கிள். அப்படியே நூறு வருசத்துக்கு முந்துன மூஞ்சி" என்று சொன்னான். ஸ்டூடியோ வைத்திருக்கிறவனே ஏமாந்துபோன இடத்தில் கம்பம் ஏறுகிறவன் எம்மாத்திரம்? தலையை ஒட்டி முடித்ததும் ரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினோம். மூக்குக்கண்ணாடி இல்லாமல்தான் வந்திருந்தாள். ஸ்கிரீனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் அப்படியே தாத்தாவ உரிச்சு வச்சிருக்குங்க" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அந்த ஒற்றுமையை நினைத்து நானும் கண் கலங்கினேன், எழிலனும் கலங்கினான். இவ்வளவு ஒற்றுமை எங்கேயும் பார்த்ததில்லை என்று நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

ஃப்ளெக்ஸ் பிரமாண்டமாக வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'அமரர்', அடுத்த வரியில் 'விமானம் ஏறிய', அதற்கடுத்த வரியில் 'வைத்திலிங்கம்'. செத்தவருக்கு அமரர் என்று போடாமல் வேறு என்ன போடுவார்கள்? நாலு பக்கமும் கறுப்பு பார்டரும், ஒரு குத்துவிளக்கும், உதிர்ந்த ரோஜாவும் இருந்தது. அது கண்ணீர் அஞ்சலி டிசைன், அதுதான் ஃப்ரீ என்றான் எழிலன். கீழே 'இவண்: கொளஞ்சியப்பன்' என்று என் பெயரும் செல் நம்பரும். விழாவுக்கு முன்கூட்டியே தெருமுனையில் கட்டினோம். கட்டிய மறுநாள் ராத்திரிதான் மச்சான் தானே புயல் வந்தது.

அந்தப் புயலில் பலா போயிற்று, முந்திரி போயிற்று, எத்தனையோ பேர் வீட்டுக் கூரை போயிற்று. அதைப் பற்றி நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். என் கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். கரண்ட் எப்போ வரும் என்று ஊரே என் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் ரிட்டையர் ஆகிவிட்டேன் என்று சொன்னால், "எங்களுக்கும் அதான் சார், கரண்டு ரிட்டையர் ஆயிடுச்சு" என்கிறார்கள். விடிந்து தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன், கம்பும் இல்லை, கயிறும் இல்லை, ஃப்ளெக்ஸும் இல்லை. யார் அவிழ்த்தது என்று கேட்டால் எல்லோரும், "தானே" என்றார்கள். கடலூரில் விமானம் பறந்ததற்கு அது ஒன்றுதான் கண்ணால் கண்ட சாட்சி. விழா நின்றுபோயிற்று.

அந்த ஃப்ளெக்ஸ் போய் விழுந்தது பக்கிரி என்கிற குட்டியானை லோடு வண்டி டிரைவரின் வீட்டு மேல். கூரை பறிகொடுத்தவருக்குக் கூரையாக வந்து விழுந்திருக்கிறது, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சில நாள் அதை வீட்டு மேல் போட்டிருந்துவிட்டு, வீட்டுக்குத் தகரம் கிடைத்ததும் எடுத்து வண்டிக்கு மூடினார். புயலில் சாய்ந்த முந்திரி மரத்தை வெட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிற வேலை அவருக்கு. ஃப்ளெக்ஸ் பெரிசு, வண்டி சின்னது, ஆகவே மடித்துக் கட்டினார். அந்த மடிப்பில்தான் மச்சான் என் தலையெழுத்தே போயிற்று. விமானம் உள்ளே போய்விட்டது. ஜனம் உள்ளே போய்விட்டது. நடு வரியில் இருந்த 'விமானம் ஏறிய' உள்ளே போய்விட்டது. வண்டிக்குப் பின்னால் தொங்கியது 'அமரர் வைத்திலிங்கம்', உங்கள் தலை, தோளில் ஒரு குடம், குத்துவிளக்கு, அடியில் 'இவண்: கொளஞ்சியப்பன்'. வண்டி நிறைய விறகு. படமும் குடமும் விறகும் சேர்ந்து போனால் பார்க்கிறவர்கள் பொங்கலுக்குப் போகிறது என்றா நினைப்பார்கள்?

சேத்தியாத்தோப்பில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். உங்களிடம் உரம் வாங்குகிற ஆட்கள் பாதிப் பேர் அந்தக் கடையில்தானே நிற்பார்கள்? "அடப்பாவமே, நம்ம உரக்கடைக்காரரா!" என்று ஒருவர் தலையில் கைவைத்திருக்கிறார். "செத்தவரே குடத்தத் தூக்கிட்டு நிக்கிறாரே, கொள்ளி போடப் புள்ள இல்லியா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உங்கள் மகன் உத்திராபதிக்கு என் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்குப் புரிகிறது. வண்டியில் என்ன போகிறது என்று பக்கிரியைக் கேட்டதற்கு அவர் வெள்ளந்தியாக, "கட்டை போவுதுங்க. சிதம்பரத்துல எறக்கணும், நேரமாச்சு" என்று சொல்லியிருக்கிறார். முந்திரிக் கட்டையைச் சொல்கிறார் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? உடனே இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள் பின்னால் கிளம்பியது. வழியில் ஒரு ஆட்டோவும் ஒரு டிராக்டரும் சேர்ந்துகொண்டது. யாரோ பூ வேறு இறைத்திருக்கிறார்கள். பின்னால் கூட்டம் ஏன் வருகிறது என்று தெரியாமல் பக்கிரி பயந்துபோய் வேகமாக ஓட்ட, அவர்களும் வேகமாக வர, கட்டையை இறக்க வேண்டிய மரவாடி உங்கள் கடைக்கு எதிரிலேயே அமைந்துபோயிற்று. பக்கத்துக் கடைக்காரர்கள் மரியாதைக்காக ஷட்டரை இறக்கினார்கள். உங்கள் கடை ஷட்டரையும் சேர்த்து இறக்கியபோது நீங்கள் உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. டவர் இல்லை, போன் இல்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து நம் சொந்தக்காரி செல்லாயி அக்கா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒப்பாரியோடு இறங்கினாள். அந்த நிமிஷம் ரத்தினம் நின்ற நிலையை நான் எழுத மாட்டேன். பஸ்ஸில் சிதம்பரம் வரும் வரைக்கும், "எங்கண்ணன் இல்லாம எனக்கு யாரு இருக்கா" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டில் புருஷன் என்று ஒருவன் மடியில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவள் சொன்னதில் தப்பில்லை, எனக்கும் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? நானும் அழுதுகொண்டுதான் வந்தேன் மச்சான். வந்து பார்த்தால், நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், "நான் இருக்கேன்யா, இந்தா பாரு, தொட்டுப் பாரு" என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பெரியம்மா, "அதெல்லாம் சரி தம்பி, அம்மாந்தூரத்துலேருந்து வந்துட்டேன், ஒரு பாட்டு அழுதுட்டுப் போயிடுறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். ரத்தினம் ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொண்டாள், பிறகு முதுகில் நாலு அடி அடித்தாள். எனக்கு சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கையில் மாலை வேறு இருக்கிறது. அதைக் கீழே வைக்கக் கூடாது, திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. அதனால் உங்கள் கழுத்தில் போட்டேன். அது முழுக்க முழுக்க மரியாதைக்குப் போட்டது மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். நீங்கள் பார்த்த பார்வையில் எனக்கு இன்னொரு சுண்டு விரலும் வளைந்திருக்கும்.

அதற்குள் உத்திராபதி எதிர்ப்பக்கம் போய் அந்த ஃப்ளெக்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டான். "அப்பா, கொள்ளுத்தாத்தா கன்னத்துல இருக்கறது மச்சம் இல்ல, எலெக்சன் கார்டு சீலு" என்று கத்தினான். 'இவண்' என்கிற இடத்தில் இருந்த பெயரையும் சத்தமாக ஒரு தடவை படித்தான். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

மச்சான், செத்துப்போனதாகச் செய்தி பரவினால் ஆயுசு கூடும் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு இத்தனை ஆயுசு வாங்கிக் கொடுத்த ஆள் உறவு முறையிலேயே நான் ஒருவன்தான். இருந்தாலும் அதை நான் பெரிசுபடுத்தவில்லை. கழகத்தைக் கலைத்துவிட்டேன். சார்லஸ் சார் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார், வாங்குவதற்குத் தலைவர் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். இனி என் ஆயுசுக்கும் எழிலன் கடைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன். நடந்ததற்கு மட்டும்தான் போட்டோ, நடக்காததற்குக் கிடையாது. ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் வைப்பது மகா பாவம் என்பதை உணர்ந்துவிட்டேன். ரத்தினம் என்னோடு நேராகப் பேசுவதில்லை, சாப்பாட்டுக்கே இளமதியை விட்டுத்தான் கூப்பிடுகிறாள். நீங்கள் வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும், என் மகள் கழுத்தில் மாலை ஏறும். என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டாதீர்கள். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நீங்கள்தானே?

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உத்திராபதிக்கு இரண்டில் எது வேண்டுமோ அது. பாடலீஸ்வரரும் தில்லை நடராஜரும் உங்களுக்கு நூறாண்டு கொடுக்கட்டும், நூறாண்டுக்கு முன்னால் அல்ல, இனிமேல். வெட்டாமல் ஒட்டாமல் தலை முதல் கால் வரை ஒரே ஆளாக நீங்கள் வந்து இறங்குவதை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,

உங்கள் தங்கை புருஷன்,
கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படித்துவிட்டு அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். கடையில் வேலை இருந்தால் பரவாயில்லை. சம்பந்தி ஓயாமல் சந்தேகப்பட்டதால் நேற்று எழிலனிடம் சொல்லி, நீங்கள் சிரித்துக்கொண்டே இளமதிக்கு மாலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு ஃப்ளெக்ஸ் போட்டாகிவிட்டது. கம்மாபுரத்துக்கு ஒரு சின்னக் காப்பி அனுப்பினேன். "ஆளு நல்லாதான இருக்காரு" என்று சம்பந்திக்குப் பரம திருப்தி. மச்சத்தை எடுத்துவிட்டோம். இந்தத் தடவை உங்கள் பேருக்கு முன்னால் எதுவும் போடவில்லை. ஆக, கணக்குப்படி நீங்கள் கல்யாணத்துக்கு வந்து மாலையும் கொடுத்தாகிவிட்டது. நேரிலும் வருவதாக இருந்தால் கோட்டும் புள்ளி போட்ட டையும் போட்டுக்கொண்டு வரவும், படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

அண்ணே, ரத்தினம் எழுதுறேன். இவரு போஸ்ட்ல போடச் சொல்லி இளமதிகிட்ட குடுத்தத வாங்கிப் பிரிச்சுத்தான் எழுதுறேன். தாத்தா ஏறுனது கோயில் விமானம். கும்பாபிஷேகத்துக்குச் சாரத்துல குடம் தூக்கிட்டு ஏறுனாரு, கலசத்துல ஊத்துன தண்ணியத்தான் ஜனத்து மேல தெளிச்சாங்க. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயத் தொறந்தப்பல்லாம் ஆராய்ச்சில குறுக்க பேசாதேன்னாரு. ஏரோப்ளேனும் வரல, ஒண்ணும் வரல. அது போவட்டும் அண்ணே. அந்தக் கல்யாணப் படத்த இந்தத் தடவ மூக்குக்கண்ணாடி போட்டுப் பாத்தேன். மூஞ்சி உன்னுதுதான். சிரிப்பு மாதிரி ஒண்ணு வச்சிருக்கான், அதுவும் பரவால்ல. மாலை குடுக்குற கை உன்னுது இல்ல. சுண்டு விரலு வளைஞ்சிருக்கு, இவரு கைதான் அது. அப்பன் கையால வாங்குனா அது தாய்மாமன் மாலை ஆவுமா? எனக்குச் செல்லாயி வந்து சொன்ன அன்னிக்கே உசுரு பாதி போயிடுச்சு, மிச்சத்த நீயும் எடுத்துடாத. தலை இங்க வந்து சேந்துடுச்சு. நீ கையோட கெளம்பி வா.